எனாமலுக்குக் கீழே

பழைய மரச்சாமான் ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறேன் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்பது. எனக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இன்று நான் பூசுவதை முப்பது வருஷம் கழித்து வேறொருவர், மரத்துக்குக் காயம் படாமல் எடுக்க முடியுமா? முடிந்தால் அது நல்ல பூச்சு. முடியாவிட்டால், எத்தனை பளபளப்பாக இருந்தாலும், அந்தச் சாமானைத் தொட்ட கடைசி ஆள் நான்தான் என்று முடிவுகட்டிவிட்டேன் என்று அர்த்தம். அப்படி முடிவுகட்ட எனக்கு உரிமை கிடையாது.

திருச்சியின் எடமலைப்பட்டி புதூரில் இந்தக் கேள்வி இப்போது தெருவுக்கே வந்துவிட்டது. 2025இல் பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து மதுரைச் சாலையின் இந்தப் பக்கத்தில் நிலத்துக்கு வேறு விலை. ஓட்டு வீடுகளும் ஒற்றைத்தள வீடுகளும் ஒவ்வொன்றாக இடிகின்றன. நிலை, கதவு, ஜன்னல், உத்திரம் இவற்றுக்கெல்லாம் ஆள் இருக்கிறது. இடிக்கும் முன்பே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மரப் பீரோ, சாய்வு நாற்காலி, இழுப்பறை வைத்த மேசை, ஊஞ்சல் பலகை இவைதான் வாசலில் நிற்கின்றன. அடுக்ககத்தின் லிஃப்டில் ஏறாது. புதிய வீட்டில் சுவரோடு சுவராக அலமாரி செய்தாகிவிட்டது. விறகுக்கடை விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படி வாசலுக்கு வந்த பீரோ ஒன்றில்தான் சில மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இரட்டைக் கதவு, வலது கதவில் ரசம் போன கண்ணாடி. நெற்றியில் இரண்டு அன்னங்களும் நடுவில் ஒரு பூவும் செதுக்கிய வளைவு. முன்பக்கம் தேக்கு. பக்கவாட்டுப் பலகைகளும் முதுகும் வேம்பும் மாவும் கலந்த நாட்டு மரம். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்தின் கணக்கு இது: கண் படும் இடத்துக்குத் தேக்கு, சுவரோடு ஒட்டும் இடத்துக்குக் கையில் அகப்பட்டது. செய்த ஆசாரி இரண்டு மரத்துக்கும் ஒரே அக்கறையோடுதான் மூட்டுப் போட்டிருக்கிறார். முதுகுப் பலகையில் ஒரு மூலை உளுத்திருக்கிறது. மூட்டு ஒன்றுகூட விலகவில்லை.

மேலே வால்நட் பிரவுன் எனாமல். அதைச் சுரண்டினால் கிரீம். கிரீமுக்குக் கீழே பாட்டில் பச்சை. பச்சைக்கும் கீழே தேன் நிறத்தில் மெல்லிய ஒரு படலம். ஒரு வீட்டில் பீரோவுக்கு எப்போது பெயின்ட் அடிப்பார்கள்? கல்யாணம் வந்தால் அடிப்பார்கள். வீடு மாறினால் அடிப்பார்கள். பொங்கலுக்கு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடித்த டப்பாவில் கால்வாசி மிச்சம் இருந்தாலும் அடிப்பார்கள். கம்பிக் கதவின் பச்சை பீரோவுக்கு வருவது அப்படித்தான். தேக்கின் மேல் எனாமல் அடித்தது பாவம் என்று சொல்கிற ரசனைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓடு ஒழுகுகிற, சுவரில் ஓதம் ஏறுகிற, கரையான் வழி தேடுகிற ஒரு வீட்டில் அந்தப் பீரோவைக் காப்பாற்றி நம் கையில் கொடுத்தது அந்த மிச்ச டப்பாதான். அடித்தவர்களுக்கு நான் நன்றி சொல்லித்தான் சுரண்டத் தொடங்க வேண்டும்.

உட்பக்கத்துக்கு யாருமே பெயின்ட் அடிக்கவில்லை. அங்கே பென்சிலில் பால் கணக்கு, காஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகள், சீட்டுப் பணம் கட்டிய மாதங்கள். வெளியே கதவின் மேல்சட்டத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டின் கறை. பிரவுனைச் சுரண்டியபோது கிரீமின் மேலும் அதே இடத்தில் ஒரு கறை தெரிந்தது. பச்சையின் மேலும் இருந்தது. பொட்டு வைத்த கை மாறியிருக்கும், இடம் மாறவில்லை. வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், குங்குமத்தின் சிவப்பு மட்டும் தங்கிவிட்டது.

சுரண்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது அழகு சம்பந்தப்பட்டதல்ல. பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்தது. 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா எதையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு மாதிரி அழுத்தமான நிறங்களை. உலர்ந்த பரப்பில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் அந்தத் தூசி காற்றில் பறந்து, தரையில் படிந்து, தவழ்கிற குழந்தையின் கைக்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அதனால் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுவது, முகமூடி போட்டுக்கொள்வது, சுரண்டியதைத் தாளில் வாரிக் கட்டுவது, முடித்ததும் தரையை ஈரத்துணியால் துடைப்பது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது. காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றினால் ஒரே மணி நேரத்தில் பெயின்ட் எல்லாம் உரிந்துவிடும் என்பார்கள். உரியும். கூடவே தேக்கு கறுத்துவிடும், மூட்டுகளின் பசையும் நெகிழும்.

தேன் நிறப் படலத்தை அடைந்ததும் நான் கையை நிறுத்திவிட்டுப் பாயை வரச் சொன்னேன். பாலக்கரைப் பக்கம் பல காலமாகப் பாலிஷ் வேலை செய்பவர். பீரோவைச் சுற்றி வந்து, கதவின் விளிம்பில் மூக்கை வைத்து முகர்ந்து, பஞ்சில் இரண்டு சொட்டு ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு மூலையில் ஒற்றினார். விரலை வைத்துப் பார்த்தார்.

"ஒட்டுது பாருங்க தம்பி. அரக்கு. பிரெஞ்சு பாலிஷ். வார்னிஷா இருந்தா ஸ்பிரிட்டுக்கு அசையாது."

"இதை எடுத்துட்டு வேற போடணுமா பாய்?"

"எதுக்கு எடுக்கணும்? இது சாகல. ஸ்பிரிட் பட்டா மறுபடி இளகும், புதுசு அதோட சேர்ந்துக்கும். பி.யு. அடிச்சீங்கன்னா அது தனி, இது தனி. பழுதானா மொத்தமா சுரண்டணும்."

நான் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அரக்கு எத்தனை வருஷமானாலும் ஸ்பிரிட்டுக்குக் கட்டுப்படும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தையிலும் பூவ மரத்திலும் கூட்டம் கூட்டமாக ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. ஒரு கிலோ அரக்குக்குச் சுமார் 3 லட்சம் பூச்சிகளின் உழைப்பு தேவை என்பார்கள். உருக்கி, வடிகட்டி, மெல்லிய தகடாக இழுத்து, உடைத்த செதில்களாக நம் ஊர்ப் பெயின்ட் கடைக்கு வருகிறது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924இலேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அன்று உலகத்தின் கிராமபோன் தட்டுகள் எல்லாம் இந்தப் பூச்சியை நம்பித்தான் இருந்தன. தட்டுகள் வினைலுக்கு மாறின, மேசைகள் பி.யு. என்கிற பாலியூரித்தேனுக்கு மாறின. பாயைப் போன்றவர்களின் கையில் மட்டும் அரக்கு மிச்சமிருக்கிறது.

பூச்சு மட்டும் இப்படி இல்லை. இந்தப் பீரோவின் மூட்டுகளை ஒட்டியிருப்பது வஜ்ரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. கொதிக்கும்போது வரும் வாடையை ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். வெந்நீரும் ஆவியும் பட்டால் வஜ்ரம் விட்டுக்கொடுக்கும். உடைந்த சட்டத்தை மட்டும் கழற்றி, மாற்றி, திரும்ப ஒட்டலாம். 1959இல் ஃபெவிகால் வந்தது. காய்ச்ச வேண்டாம், வாடை கிடையாது, பிடித்தால் விடாது. ஆசாரிமார்களின் உடம்பு நோவை அது எவ்வளவோ குறைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஃபெவிகால் போட்ட நாற்காலியின் கால் ஆடினால், மூட்டு விடுவதற்கு முன் மரம் பிளந்துவிடுகிறது.

பழுதுபார்ப்பவனை மனதில் வைத்துச் செய்வது என்கிற பழக்கம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது 1920களின் கடைசியில். பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்கிற ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய 1955 வரை இந்தப் பக்கத்து ரயில்பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உடல் மரம்தான். இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை. வெயிலிலும் மழையிலும் ஓடி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பணிமனைக்குத் திரும்பி, பலகை மாற்றி, பூச்சு ஏற்றிக்கொண்டு மறுபடி போகும். பொன்மலை, கிராப்பட்டி, எடமலைப்பட்டி புதூர் என்று ரயில்வேக் குடும்பங்கள் பரவிய தெருக்களில் வீட்டுச் சாமான்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். இனி தொடவே வேண்டாம் என்று எதையும் யாரும் செய்யவில்லை.

இப்போது பெயின்ட்டுக்கு வருகிறேன். இளைஞர்கள் பலர் பழைய மரச்சாமானை சாக் பெயின்ட்டால் புதுப்பிக்கிறார்கள். 1990இல் ஆனி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி உருவாக்கி விற்கத் தொடங்கியது அது. தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், எதன் மேலும் ஒட்டும். காய்ந்தால் பளபளப்பே இல்லாத, மாவு பூசிய மாதிரியான பரப்பு. மேலே மெழுகைத் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். அந்த மங்கலான பரப்பைப் பார்த்தால் நமக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் நாம் பிறந்து வளர்ந்திருக்கிறோம். ஸ்ரீரங்கத்தின் கிழக்கே வெள்ளைக் கோபுரத்தின் அடியில் நின்று, பிறகு தெற்கே வந்து 1987இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரத்தின் வண்ணங்களைப் பார்ப்பவர்களுக்கு, வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் பரப்புக்கும் திருப்பி அடிக்கும் பரப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இரண்டுக்கும் இந்த ஊரில் இடம் உண்டு.

எனக்கு ஒவ்வாதது ஒன்றுதான். சாக் பெயின்ட் அடித்து முடித்ததும் மூலைகளையும் விளிம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து, பல காலம் புழங்கியது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறார்கள். உண்மையான தேய்மானம் விளிம்பு பார்த்து வருவதில்லை. சாவியைத் தேடும் கை படும் இடத்தில் வரும். கீழ் இழுப்பறையைக் காலால் தள்ளும் இடத்தில் வரும். இந்தப் பீரோவில் இடது கதவுதான் அதிகம் தேய்ந்திருக்கிறது, கண்ணாடி இருக்கிற வலது கதவைப் பதமாகத் திறந்து பழகியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் ஐம்பது அறுபது வருஷம் புழங்கி எழுதிய இந்தத் தடத்தை அழித்துவிட்டுப் பொய்த் தடம் ஒன்றை வரைய எனக்கு மனம் வரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் உட்கார்ந்து பார்த்தால், வாங்க வருபவர்களில் பாதிப்பேர் பழமையைத் தேடி வருவதும், மீதிப்பேர் பழமையின் தோற்றத்தைத் தேடி வருவதும் புரியும். பர்மா தேக்கு நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதைக் குறை என்று சொல்லி விலை குறைப்பவர்களையும், அதைத் தடவிப் பார்த்தே வாங்குபவர்களையும் நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

பீரோவின் தேக்கு முகத்துக்கு அரக்கும் மெழுகும் போதும் என்று முடிவானது. பக்கவாட்டு நாட்டு மரத்துக்குப் பெயின்ட் வேண்டும். அது பெயின்ட் போடவென்றே வைத்த மரம். இங்கே பாய் ஒரு வழி சொன்னார். முதலில் மரத்தின் மேல் இரண்டு கை அரக்கு. அது உலர்ந்ததும் தண்ணீர் கலந்து அடிக்கும் மங்கல் பெயின்ட். அதன் மேல் மெழுகு. இடையில் அரக்கு இருந்தால் மரத்தின் எண்ணெயும் கறையும் பெயின்ட்டுக்கு மேலே ஏறி வராது. வெளிர் நிறம் அடித்துப் பழுப்புத் திட்டு விழுந்து தவிப்பவர்களுக்கு இதுதான் மருந்து. எனக்குப் பிடித்தது வேறு காரணம். மெழுகை டர்பன்டைன் தொட்டுத் துடைத்து எடுக்கலாம். டர்பன்டைனுக்கு அரக்கு அசையாது. பெயின்ட் வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் ஸ்பிரிட்டை நனைத்து வைத்தால் பெயின்ட்டும் இளகும், அதைத் தாங்கியிருக்கிற அரக்கும் இளகும், மரம் தன் நிறத்தோடு வெளியே வரும். மூட்டைப் பிரிக்க வேண்டுமானால் வெந்நீர். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு திறவுகோல்.

மெழுகில் மட்டும் நம் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற திருச்சியில், வெறும் தேன்மெழுகு பூசிய பலகை பிசுபிசுத்து மதுரைச் சாலையின் தூசி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறை இங்கே அப்படியே செல்லாது. பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதைக் கலக்கச் சொல்வார்கள். நான் சுவாமிமலையை நினைத்துக்கொண்டேன். அங்கே ஸ்தபதிகள் வார்ப்புக்கு முன் கருவைச் செய்வது தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்துதான். குங்கிலியம் மெழுகை இறுக்கும், எண்ணெய் அதை வளைய வைக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெள்ளைக் குங்கிலியத்தைப் பொடித்து டர்பன்டைனில் ஊறவைத்து, வடிகட்டி, தேன்மெழுகோடு சேர்த்தேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும், அடுப்பை அணைத்த பிறகுதான் டர்பன்டைன் பக்கத்தில் வர வேண்டும். அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். இந்தக் கலவையை நகம் அளவு எடுத்து, கதர்த் துணியில் தொட்டு, மெல்லிசாகத் தேய்த்து, மறுநாள் வேறு துணியால் கை வலிக்க மெருகு போட்டால் போதும். தடவத் தடவ நன்றாக இருக்கும் என்று அப்பிவிடக் கூடாது.

"வருஷா வருஷம் மெழுகு போடணுமா? அதுக்கு யாருக்கு நேரம்?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வருஷா வருஷம் பூசுவதைப் பற்றிச் சொல்ல, காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளின் திருமேனி சுதையால் ஆனது. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் ஜேஷ்டாபிஷேகம் நடக்கும்போது உற்சவரான நம்பெருமாளின் கவசங்களைக் களைந்து, சுத்தம் செய்து, பழுது பார்த்து, திரும்பச் சாற்றுகிறார்கள். அதையொட்டிப் பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு. அதன் பிறகு 48 நாள் திருவடி தரிசனம் கிடையாது. பூசியது உள்ளே இறங்கக் காத்திருக்கிறார்கள். சேவிக்க வந்தவர்கள் முகத்தை மட்டும் சேவித்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரே தடவையில் முடிகிற பூச்சு ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. சுதை நிலைத்திருப்பது அந்தத் திரும்பத் திரும்பச் செய்கிற கைகளால். அத்தைக்கு இதைச் சொன்னேன். "பெருமாளும் பீரோவும் ஒண்ணா?" என்றார். ஒன்றில்லைதான். ஆனால் பொருளைப் பேணுவதற்கென்று ஒரு நாளைக் குறித்து வைக்கும் பழக்கம் ஆயுத பூஜையாக அவர் வீட்டிலும் இருக்கிறது. அன்று தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுகிறவர் அவர்தான். அதே நாளில் பீரோவுக்கு மெழுகு.

பாலிஷ் வேலையை ஐப்பசிக்கு முன்பே முடித்தோம். அடைமழையில் அரக்குப் போட்டால் காற்றின் ஈரத்தில் வெளுத்துவிடும் என்று பாய் வேலையே எடுக்க மாட்டார். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்து முடிந்து, அரக்கில் தோய்த்து, எட்டுப் போட்டுக்கொண்டே போவார். நடுவில் கையை நிறுத்தினால் அந்த இடம் ஒட்டிக்கொண்டு தடம் விழும். ஒரு கதவு முடியும் வரை நான் பேச்சுக் கொடுக்கவில்லை. கடைசியில் சட்டத்தின் குங்குமக் கறை இருந்த இடத்துக்கு வந்து என்னைப் பார்த்தார். மூன்று நிறங்களையும் தாண்டி மரத்திலேயே ஒரு சிவப்பு இருந்தது, முதல் வருஷத்துப் பொட்டு. அதன் மேலேயே அரக்கை ஓட்டச் சொன்னேன். உளுத்த மூலையை வெட்டி வேப்பம்பலகை செருகினோம், வஜ்ரம் கிடைத்ததால் வஜ்ரம். பக்கவாட்டுக்குப் பச்சையே அடித்தேன், கீழே கிடைத்த அதே பாட்டில் பச்சை.

கால்களில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். தினமும் பினாயில் தண்ணீரில் துடைக்கிற தரை. அரக்கும் மெழுகும் அங்கே ஒரு மாதம் தாங்காது. பாய் எனாமல் அடிக்கச் சொன்னார், நான் கொஞ்ச நேரம் ஒப்பவில்லை. பிறகு ஒப்பினேன். நான்கு கால்களுக்கும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு எனாமல், ஈயம் சேர்க்காத டப்பா என்று பார்த்து வாங்கியது. உள்ளே, பால் கணக்குக்குக் கீழே இருந்த காலி இடத்தில், பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: முகத்தில் அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். பக்கத்தில் அரக்கின் மேல் பெயின்ட், அதற்கும் ஸ்பிரிட். எல்லாவற்றின் மேலும் மெழுகு, டர்பன்டைன் போதும். மூட்டில் வஜ்ரம், வெந்நீர். கால்களில் எனாமல், சுரண்டத்தான் வேண்டும், ஈரத்தோடு சுரண்டவும்.